வயிற்றை வெட்டிக்கொண்ட மகனுக்கு

தம்பி,

உன் கடிதத்தை உன் தங்கை கமலா எனக்கும் உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினாள். முதல் பக்கத்தைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புண்ணோ கட்டியோ இல்லாத வயிற்றை எதற்காக வெட்ட வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். உடம்பு பெருத்து, மூச்சு வாங்கி, மாடிப்படி ஏற முடியாமல், பிரஷரும் கூடிப்போன பிறகுதான் லண்டன் டாக்டர்மார் உன் வயிற்றைச் சின்னதாக்கி, குடலைத் திருப்பி மேலே இணைத்துத் தைத்தார்கள் என்று அவள்தான் பொறுமையாக விளக்கினாள். இனிமேல் சோறு, பாண், கிழங்கு, சீனி ஒன்றும் ஆகாது; முட்டை, மீன், இறைச்சி, பட்டர், கீரை, அதுவும் ஒரு கையளவு என்று சொல்லியிருக்கிறார்களாம். நீயோ கூட்டாளி வீட்டில் ஒரு தட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே வியர்த்து விழுந்து, ஆஸ்பத்திரி வண்டி வந்து தூக்கிப்போகும்படி ஆகியிருக்கிறாய். அதற்குப் பிறகும் அந்த டாக்டரிடம் போகமாட்டேன், சோறு இல்லாமல் வாழ்வதற்குச் சாவதே மேல், கமலா கல்யாணத்துக்கும் வரமாட்டேன், பந்தியில் எல்லோரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது என்று எழுதியிருக்கிறாய்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் நீ எழுதியிருந்ததை வாசிக்கும்போது கமலாவின் குரல் இறங்கிப்போய்விட்டது. "அப்பாவுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருந்தீர்கள். என் வாயிலிருந்த முட்டையைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்தவர்தானே நீங்கள்" என்று எழுதியிருந்தாய். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நீ அதை மறந்திருப்பாய் என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியையும் தெரிந்துகொள். நான் சொல்லச் சொல்லக் கமலா எழுதுகிறாள். என் பேச்சை அவளுடைய பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். எதையும் விட்டுவிடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா அப்போது கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியின் தலையை வெட்டி இறக்கும் அந்த வேலையில் அவர் கத்திக்கு ஈடு கொடுக்க இந்த ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலேயே ஆட்கள் குறைவு. சாப்பாடும் அப்படித்தான். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினால்தான் எழுந்திருப்பார். வயிறு எரிகிறது என்று அடிக்கடி சொல்லுவார், சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குப் போய்விடுவார். ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற இடத்திலேயே இரத்தம் கக்கினார். தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளை விரித்துப் படுக்கவைத்து, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்ணைத் திறக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வயிற்றில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு நர்ஸ் எனக்குத் தமிழில் சொன்னாள். சோறும் மாவும் இனிப்பும் இவருக்கு இனி ஆகாது, முட்டையும் மீனும் இறைச்சியும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது என்றாள். உன் லண்டன் டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதுதானே. நான் தலையை ஆட்டிக்கொண்டேன். மனதுக்குள் நம்பவில்லை. சோறு சாப்பிடாமல் ஒரு மனுசன் எப்படித் தேறுவான்? வீட்டுக்கு வந்த அன்றைக்கே நல்ல அரிசியில் கஞ்சி காய்ச்சி, ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கரைத்துக் கொடுத்தேன். ஆசையாகக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, சட்டை நனைந்து, நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. "கண்ணு இருட்டுது புள்ள, என்னமோ செய்யிது" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓடிவந்து ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா வந்து, அவரை நீட்டிப் படுக்கவைத்து, என்ன கொடுத்தாய் என்று கேட்டார். நான் சொன்னதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பாடு வயிற்றில் தங்காமல் நேரே குடலுக்குள் இறங்குவதால்தான் இப்படி ஆகிறது, இதற்கு மருந்து கிடையாது, சாப்பாடுதான் மருந்து என்று விளக்கினார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதுவரை அவரை ஆஸ்பத்திரி காப்பாற்றியது, இனிமேல் நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று விளங்கியது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பஞ்சமும் வந்தது. உனக்கு நினைவிருக்கும், நீ நாலாம் வகுப்பில் இருந்தாய். கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள், மாவுக்கு வரிசை, பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசை. தோட்டத்தில் வேலை நாளும் குறைந்துபோனது. லயத்தில் பாதிப் பேர் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றார்கள், அதுவும் இல்லாதவர்கள் கீரையை அவித்துக் குடித்தார்கள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நடந்து வந்து பதுளை பஸ் ஸ்டாண்டில் கை நீட்டி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஊரே கிழங்கையும் ரொட்டியையும் தேடி அலைந்தபோது, கிழங்கையும் ரொட்டியையும் தொடக் கூடாத ஆளை நான் வீட்டில் வைத்திருந்தேன். என்னிடம் இருந்தது கோழிகள் மட்டும்தான். அவை இடுகிற முட்டை ஒன்றுவிடாமல் அவருக்கு என்று முடிவு செய்தேன். உங்களுக்குக் கிழங்கும் சம்பலும் கொடுத்தேன், எனக்குக் கிழங்கு அவித்த தண்ணீர். உங்கள் கண்கள் அவர் தட்டிலேயே இருந்தது எனக்குத் தெரியாதா? என் கூடப் பிறந்த அண்ணனே வாசலில் நின்று, பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கப் புருசனுக்கு முட்டை ஊட்டுகிறவளை இங்கேதான் பார்க்கிறேன் என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அவர் தேறவில்லை. நாளுக்கு நாள் மெலிந்து, கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. அடிக்கடி வியர்த்துப் படுத்தார். முட்டை சாப்பிடுகிற ஆளுக்கு ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, நினைத்ததைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அவர் மடியில் நீ உட்கார்ந்திருந்தாய். முட்டை உன் வாயில் இருந்தது. உன்னுடைய கிழங்கு அவர் தட்டில் இருந்தது. பின்னால் நடந்தது உனக்குத் தெரியும். உன் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து, விரலை விட்டு வெளியே எடுத்தேன். நீ அழக்கூட இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "விடு புள்ள, பச்சப் புள்ள அது, எத்தன நாளைக்குத்தான் பாத்துக்கிட்டே இருக்கும்" என்றார் உன் அப்பா. நான் அந்த முட்டையை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன்: "நீங்க இதத் திங்கலன்னா இன்னைக்கே கோழிய எல்லாம் ஆத்துல விட்டுருவேன். யாருக்கும் இல்லாமப் போகட்டும்." அவர் தின்றார். அவர் அழுதுகொண்டே தின்றதையும் நீ வாசலில் நின்று பார்த்தாய்.

தம்பி, இதற்கு மன்னிப்புக் கேட்பதற்காக நான் எழுதவில்லை. இன்னொரு முறை அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன். அவர் போய்விட்டால் என் ஒருத்தியின் கொழுந்துக் கூலியில் மூன்று பேர் பிழைக்க முடியாது என்பது ஒரு காரணம். அது உனக்கே தெரியும். இன்னொன்றை உன்னிடம் நான் சொன்னதில்லை. அவர் சாகக் கூடாது என்று எனக்கு ஆசை. உங்களுக்கு அப்பா வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை, எனக்கு அவர் வேண்டும். கமலா இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளிலிருந்து அவர் ஒவ்வொரு வாய் சாப்பிடும்போதும் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் தெளிந்து வந்தார். அப்போதுதான் கமலாவுக்குக் கால் வீங்கியது. முதலில் பாதம், பிறகு முகம். முடி செம்பட்டையாகி, சிணுங்கக்கூடத் தெம்பில்லாமல் சாக்கில் கிடந்தாள். டிஸ்பென்சர் ஐயா அவள் காலை விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. சத்தில்லாத வீக்கம், முட்டையோ பாலோ இறைச்சியோ உடனே கொடுக்காவிட்டால் பிள்ளை தங்காது என்றார். அதே கிழமை மரநாய் கூட்டுக்குள் புகுந்து, ஒரே ஒரு கோழியை விட்டுவிட்டு மீதியைக் கொன்றுபோட்டது. அது இட்ட முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். அந்த நிற்பை என்னால் இன்றைக்கும் சொல்லில் கொண்டுவர முடியாது. உன் அப்பா படுத்திருந்த இடத்திலிருந்து என்னைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்காமல், எழுந்து வந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். நான் முட்டையை அவித்துக் கமலாவுக்கு ஊட்டினேன். இது உனக்குத் தெரியாது. கமலாவுக்கும் இன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாளே அவர் கண்ணி வைக்கிற பேச்சை எடுத்தார். தோட்டத்துக்கு மேலே, பத்தனைப் புல்வெளி முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிப் போட்டிருப்பதைக் கவ்வாத்துக் காலத்தில் பார்த்திருக்கிறாராம். ஃபேக்டரிக்குப் பின்னால் கிடந்த பழைய கம்பிக் கயிற்றில் ஒரு துண்டைப் பிரித்துக் கண்ணி செய்தார். நடக்கவே தடுமாறுகிற ஆளைத் தனியாக விட எனக்கு மனமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய்க் கண்ணியை வைத்துவிட்டு வந்தோம், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் திரும்பவும் ஏறினோம். அவர் கையில் கவ்வாத்துக் கத்தி, என் கையில் செடி நடக் குழி போடுகிற இரும்பு அலவாங்கு. புறப்படும் முன் அவர் சாப்பிட்டது அரை ரொட்டி. வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பன்றி பின்னங்காலில் மாட்டியிருந்தது. பெரிய ஆண் பன்றி. சுற்றிச் சுற்றி ஓடி மண்ணை உழுதுபோட்டிருந்தது. எங்களைக் கண்டதும் பாய்ந்தது, கம்பி இழுத்து நிறுத்தியது. உன் அப்பா கத்தியை ஓங்கிக்கொண்டு பக்கவாட்டில் போனார். போன இடத்திலேயே அவர் கால்கள் நடுங்கத் தொடங்கின. ரொட்டி தன் வேலையைக் காட்டிவிட்டது. வியர்த்துக் கொட்டி, கத்தியை நழுவவிட்டு, பன்றிக்கு எட்டும் எட்டாத தூரத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பன்றி ஒவ்வொரு முறை பாயும்போதும் கம்பியின் ஒரு புரி அறுந்து சுருண்டது. அதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். "நீ ஓடிரு புள்ள. பிள்ளைங்களப் பாரு" என்றார். அதற்கு முன்னால் நான் ஒரு கோழியைக்கூடக் கொன்றவள் இல்லை. அலவாங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவருக்கும் அதற்கும் நடுவில் போய் நின்றேன். அது பாய்ந்து வந்து கம்பியில் இழுபட்டுத் தலை தாழ்ந்தபோது அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அது அசையாமல் கிடந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்லுவார். பிறகு நான் புல்லில் வாந்தி எடுத்தேன். அவர் தவழ்ந்து வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அறுந்தது போக ஒரே ஒரு புரிதான் மிச்சம் இருந்தது.

அந்த இறைச்சி எங்களைக் கரை சேர்த்தது. பன்றியைத் தூக்கிவர வந்தவர்களில் என் அண்ணனும் ஒருவர். லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் பங்கு போனது, யாரும் வெளியே மூச்சு விடவில்லை. மீதியை அடுப்புக்கு மேலே கட்டிப் புகைபோட்டேன், கொழுப்பை உருக்கித் தகரத்தில் ஊற்றி வைத்தேன். உன் அப்பாவுக்கு அந்தக் கொழுப்போடு ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். வியர்வை நின்றது, மயக்கம் நின்றது, முகத்தில் இரத்தம் வந்தது. கமலாவின் காலில் வீக்கம் வடிந்தது. அதற்குப் பிறகும் பலமுறை கண்ணி வைத்தோம், சில முறை கிடைத்தது, பல முறை வெறுங்கையோடு வந்தோம். மாவும் அரிசியும் பழையபடி கிடைக்கத் தொடங்கும் வரை அப்படியே ஓட்டினோம்.

முதல் நாள் இறைச்சி வெந்தபோது நீ அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாய். போதும் என்று நீ சொல்லவே இல்லை. வயிறு புடைத்து, மூச்சு முட்டி, கடைசியில் வெளியே போய்க் கக்கிவிட்டு வந்து, திரும்பவும் தட்டை நீட்டினாய். நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, திரும்பவும் போட்டேன். அதிலிருந்து தட்டில் ஒன்று மிச்சம் இருக்க நீ எழுந்ததை நான் பார்த்ததில்லை. பதுளைச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அப்படித்தான், எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு லண்டன் போய் அங்கேயும் சமையலறைக்குள்ளேயே நின்றபோதும் அப்படித்தான் இருந்திருப்பாய். நீ அனுப்பும் ஒவ்வொரு போட்டோவிலும் உன் முகம் அகன்றுகொண்டே வந்தது. நான் சந்தோசப்பட்டேன், பக்கத்துக் காம்பராவுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன்.

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு வெளியே போன உன் அப்பா சாயங்காலம்தான் திரும்பினார். சாப்பிட உட்கார்ந்தவர், சாப்பிடாமல் சொன்னார்: "பசிக்கிதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கான். அது பசி இல்ல புள்ள, பயம். நாளைக்கு இல்லாமப் போயிருமோங்கிற பயம். எனக்கும் அது ரொம்ப நாளா இருந்திச்சி. சொல்லு அவன்கிட்ட." இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. பானையில் சோறு இருக்கிறதா என்று அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். சாப்பிட ஆசைப்படுகிறார் என்று நினைத்து, பானையை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். ஒளித்தது தப்பு. இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதுமாம். அதனால் உன் அறையில் சோற்றுப் பானையை இல்லாமல் ஆக்காதே. அரிசி மூட்டை ஒன்று வாங்கி மூலையில் வைத்துக்கொள், சமைக்காதே. சமையலறைக்குள் வேலைக்குப் போகும் முன்பே இரண்டு முட்டையைச் சாப்பிட்டுவிடு. தனியாகச் சாப்பிடாதே, யாராவது ஒருவர் எதிரில் இருக்கட்டும், அந்தக் கூட்டாளியையே கூப்பிட்டு வைத்துக்கொள். கேட்கிறவர்களிடம் வயிற்றை வெட்டியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல். ஒளிக்கத் தொடங்கினால் ஒளித்துச் சாப்பிடவும் தொடங்குவாய். திரும்பவும் வியர்த்தால் உடனே படுத்துக்கொள். எல்லாவற்றுக்கும் முதலில், இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அந்த டாக்டரிடம் போ. சோற்றைச் சாப்பிட்டேன் என்று அவரிடமே சொல். ஏசினால் கேட்டுக்கொள்.

உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்ட நேரத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வந்து உன் எதிரில் உட்கார என்னால் ஆகாது. நீ வந்தால் ஆகும். கல்யாணத்தன்றைக்கு முதல் பந்தி மரக்கறிச் சாப்பாடுதான். மறுநாள் விருந்துக்கு உன் அப்பா ஆட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இரண்டு நாளும் உனக்கும் அவருக்கும் என்று உள்ளே தனி அடுப்பு எரியும், அதில் நிற்கப்போவது நான்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று கமலாவிடம் கேட்டேன். என் வீட்டு ஆம்பளைகள் சோறு சாப்பிடமாட்டார்கள் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் அண்ணனை வரச் சொல்லுங்கள் என்றாள். இதை எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். நான்தான் எழுதவைத்தேன்.

தெமோதரை வரைக்கும் ரயிலில் வந்துவிடு. உன் அப்பா ஸ்டேஷனுக்கு வருவார். வழியில் கடை கண்ட இடத்தில் எல்லாம் இறங்கிவிடாதே, அவர் கையில் உனக்கு அவித்த முட்டை இருக்கும். அதை அவர் முன்னாலேயே சாப்பிடு. இந்த முறை யாரும் உன் வாயைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

உன் அம்மா